அழுகண்ணியும் உன் பால்கனியும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பால்கனியில் வைக்க, பூச்சி பிடித்து உண்ணும் அழுகண்ணிச் செடி ஒன்று அனுப்பச் சொல்லியிருந்தாய். நீ கேட்டு நான் மறுத்தது ரொம்பக் குறைவு. இதை மட்டும் மறுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

நேற்று மழை விட்டதும் மேட்டுப் புல்வெளிக்குப் போனேன். தண்ணீர் கசியும் அதே சரிவில் நிற்கிறது. சாண் உயரத்துக்கு நூல்போலத் தண்டு, பிறை பிறையாக இலை. இலை நிறையச் சிவந்த முடி, முடிக்கு ஒரு சொட்டு. வெயில் ஏறி, புல்லில் இருந்த மழைத்துளியெல்லாம் காய்ந்த பிறகும் இந்தச் சொட்டு காயவில்லை. தொட்டால் விரலோடு இழைகிறது. சின்ன ஈ ஒன்று ஒட்டிக்கொண்டு கால் உதறியது. பக்கத்து முடிகள் மெல்ல மெல்ல அதன்மேல் கவிந்தன. முழங்கால் நனைய உட்கார்ந்து பார்த்தேன்.

நீ ஆறாவது படிக்கும்போது ஒன்றைப் பெயர்த்து வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நன்றாக வளரட்டும் என்று மக்கிய சாணம் போட்டது நான்தான். பத்து நாளில் கருகிப்போனது. நீ அழுத அழுகை இன்னும் மனதில் நிற்கிறது. மழை கழுவிக் கழுவிச் சத்திழந்த புளிப்பு மண்தான் அதற்கு வீடு என்று அப்புறம்தான் படித்தேன். மண்ணில் கிடைக்காத தழைச்சத்தைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எரு அதற்கு விஷம். உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரின் உப்பும் ஆகாது.

டார்வின் 1875-ல் பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் பெரும்பகுதி இந்தக் குடும்பத்துச் செடிக்குத்தான். பிறகு அவர் மகன் பிரான்சிஸ், இறைச்சித் துணுக்கு ஊட்டிய செடிகளில் விதை அதிகம் பிடிப்பதைக் காட்டினார். அப்பா விட்ட இடத்தில் பிள்ளை தொட்டது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி.

இன்னொன்று. மழைக்காலம் போனால் மேலே எல்லாம் பட்டுப்போகும். மண்ணுக்குள் சின்னக் கிழங்கு மட்டும் உறங்கும். செத்துவிட்டது என்று நீ தொட்டியைக் கவிழ்த்துவிடுவாய்.

என் கவலை சீகை மரம்தான், வாட்டில் என்பார்களே, அது. கீழ்ச்சரிவு வரை வந்துவிட்டது. அதன் நிழலும், வேர் மண்ணில் சேர்க்கும் தழைச்சத்தும் இதற்கு ஒத்துவராது. போகும்போதெல்லாம் நாலைந்து கன்றுகளைப் பிடுங்கிவிட்டு வருகிறேன்.

சரி, ஆகஸ்டு 15 விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்துக்கொண்டு வா. லென்ஸ் என்னிடம் இருக்கிறது. உன் மழைக்கோட்டை அம்மா உதறிக் காயப்போட்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா