ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் காலையில் பசிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 26 முதல் நகரங்களில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்துவிட்டது என்று உங்கள் பத்திரிகையில் படித்தேன். மனசு நிறைந்தது. கூடவே ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும் என்றும் தோன்றியது.

உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருடம்தான் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார், 1982 ஜூலை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் விறகு அடுப்பில் அண்டா ஏறும், பதினொரு மணிக்கே பருப்பு வேகிற வாசனை வகுப்புக்குள் வந்துவிடும், அப்புறம் எந்தப் பாடமும் காதில் ஏறாது. வீட்டிலிருந்து கொண்டுபோன அலுமினிய வட்டிலில் சோறும் சாம்பாரும் வாங்கிக்கொண்டு வரிசையாகத் தரையில் உட்காருவோம். சாம்பார் தண்ணியாக இருக்கும், சோற்றில் கல் கிடக்கும், சில நாள் புழுவும் கிடக்கும். ஆனாலும் ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் மதியம் அடுப்பு எரியாத நாட்கள்தான் அதிகம். என் அம்மா அதற்கும் முந்திய காமராஜர் காலத்து மதிய உணவு சாப்பிட்டு மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோள மாவில் கிண்டிய உப்புமாவும் பால்பவுடர் கரைத்த பாலும்தான் அவருக்குக் கிடைத்தது. "ஒங்களுக்காவது அரிசிச் சோறு" என்பார்.

முட்டை வந்தது 1989-ல், கலைஞர் ஆட்சியில், இரண்டு வாரத்துக்கு ஒன்று. நான் அப்போது எட்டாம் வகுப்பு. முதல் முட்டையைச் சாப்பிட மனசே வராமல் டவுசர் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மா அதை நூலால் அறுத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது வாரம் ஐந்து முட்டை, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஜெயலலிதா 2013-ல் கொண்டுவந்த கலவை சாதத்தால் புலாவ், தக்காளி சாதம், மிளகு முட்டை என்று தட்டே மாறிவிட்டது. ஆட்சிகள் மாறினாலும் இந்தத் தட்டில் யாரும் கை வைத்துக் குறைக்கவில்லை, ஒவ்வொருவரும் ஏதாவது சேர்த்தார்கள். இதை நான் பெருமையாகவே சொல்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காலை உணவுத் திட்டம் நம் மதுரையில்தான், சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அடுத்த வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் வந்தது. என் தங்கை மல்லிகைப்பூ எடுக்கப் போகிறவள். மொட்டு மலர்வதற்குள் மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும் என்பதால் நாலு மணிக்கே காட்டுக்குக் கிளம்பிவிடுவாள், திரும்பிவர ஒன்பது ஆகும். அவள் மகள் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் பள்ளியில் கொடுத்த கிச்சடியும் பொங்கலும் சாப்பிட்டுப் படித்தாள். இந்த ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனாள், காலைச் சாப்பாடு நின்றுவிட்டது. எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு டீயோடு ஓடுகிற பிள்ளை, போன மாதம் பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள். மத்தியானச் சத்துணவுதான் அவளுக்கு அன்றைக்கு முதல் சாப்பாடு.

வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்துத் தேற்றுகிற ஊர் இது. அந்த வயசை நெருங்குகிற பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குத் தாங்கவில்லை.

சத்துணவும் முதலில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் வந்தது. ஆனால் இரண்டே வருடத்தில், 1984-லேயே, 15 வயது வரை கொடுத்தார்கள். அதனால்தான் எட்டாம் வகுப்பில் எனக்கு அந்த முட்டை கிடைத்தது. காலை உணவு தொடங்கி மூன்று வருடம் முடியப்போகிறது, இன்னும் ஐந்தாம் வகுப்போடுதான் நிற்கிறது. உயர்நிலைப் பள்ளிகளில் சத்துணவுக்கூடம் இருக்கிறது, அடுப்பும் பாத்திரமும் இருக்கிறது. சமைக்க ஆள் வேண்டும், அதற்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும், இருக்கிற சத்துணவு ஊழியர்கள் தலையிலேயே இதையும் கட்டிவிடக் கூடாது. செலவு ஆகும், தெரியும். முதலில் எட்டாம் வகுப்பு வரையாவது கொடுங்கள், அதுவும் அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போதே.

– ஒரு வாசகர், உசிலம்பட்டி, செப்டம்பர் 2025