செத்த கண் நரம்பு முளைக்கும் என்று மேடையில் பேச விட்ட நிர்வாகிகளுக்கு

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும்,

வணக்கம். காவடி முடிந்த கையோடு நம் மண்டபத்தில் நடந்த கண் நலக் கூட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அழைத்தது நீங்கள், வாசலில் துண்டறிக்கை கொடுத்தவர்கள் உங்கள் தொண்டர்கள். "ஸ்டெம் செல் (பிற செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் செத்த நரம்பு முளைக்கும், இனிச் சொட்டு மருந்து எதற்கு" என்று வெளிநாட்டுக் கிளினிக்கின் முகவர் பேசினார். அந்தப் பேச்சு தவறு என்று அடுத்த கூட்டத்திலேயே தமிழிலும் நம் மொரீஷியஸின் கிரியோல் மொழியிலும் அறிவிக்க வேண்டுகிறோம்.

ரோஸ் ஹில் ஊர்ப் பக்கம் கிளாக்கோமா (பெரும்பாலும் கண்ணின் உள்அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) உள்ள முதியவர்கள் சிலர் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார்கள். கண் அழுத்தத்தைக் குறைக்கும் லட்டானோபிராஸ்ட் சொட்டு மருந்துக் குப்பி மூடி திறக்காமல் பிரிட்ஜில் கிடக்கிறது. வலியில்லை, கண் சிவக்கவில்லை, ஆகவே நிறுத்தியது சரிதான் என்கிறார்கள். இந்த நோயில் அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் தெரிவதே இல்லை. ஓரப் பார்வை குறுகி, படியில் கால் இடறும்போதுதான் தெரியும். அதற்குள் செத்த நரம்பணுக்களைத் திரும்பக் கொண்டுவர இன்று எந்தச் சிகிச்சையும் இல்லை.

ஆராய்ச்சி நடப்பது உண்மை. வரிக்குதிரை மீனின் விழித்திரை அடிபட்டால் அதன் முல்லர் செல்கள் (விழித்திரையில் நரம்பணுக்களைத் தாங்கும் துணைச் செல்கள்) பெருகிப் புது நரம்பணுக்களைத் தரும்; நம் கண்ணில் அது நடப்பதில்லை. 2017-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரேயின் குழு, வளர்ந்த எலியின் முல்லர் செல்களில் ஒரு மரபணுவை இயக்கி, கூடவே ஒரு மருந்தும் கொடுத்துச் சில நரம்பணுக்களை உருவாக்கியது. 2020-இல் ஒரே மரபணுவை அடக்கினால் போதும், முல்லர் செல் நரம்பணுவாக மாறிவிடும் என்று வந்த ஆய்வோ நிலைக்கவில்லை. முல்லர் செல்களுக்கு முன்கூட்டியே நிலையான அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தபோது அவை மாறவே இல்லை. வைரஸ் வழியே அனுப்பிய அடையாள நிறம் ஏற்கெனவே இருந்த நரம்பணுக்களில் ஏறியதையே புதியவை என்று கணக்கிட்டிருந்தார்கள். எலியிலேயே இதுதான் நிலை. மனிதக் கண்ணில் புது அணு பிறந்தாலும், அதன் இழை பார்வை நரம்பு வழியாக மூளைவரை நீண்டு, சுமார் 10 லட்சம் இழைகளுக்கு நடுவே தனக்குரிய இடத்தில் இணைய வேண்டும்.

உடல் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை ஊசியில் ஏற்றினால் இது நடக்காது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆளுக்கு 5,000 டாலர் கட்டி, ஒரே நாளில் இரு கண்ணிலும் போட்டுக்கொண்ட 3 மூதாட்டிகளின் விழித்திரை கழன்று பார்வை பறிபோனது 2017-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அந்த ஊசியும் அமெரிக்க அரசுப் பதிவேட்டில் ஆய்வென்று பதிவானதுதான். பதிவு எண்ணைக் காட்டினால் நம்பிவிட வேண்டாம்.

மண்டப வாடகை கட்டியவருக்கெல்லாம் ஒலிபெருக்கி கிடைக்கிறது. பேச வருபவர் யார் என்று விசாரிப்பாரில்லை. சர்க்கரை நோய் இவ்வளவு பரவிய இந்தத் தீவில், ஆண்டுக்கொருமுறை விழித்திரைப் பரிசோதனைக்கு நம் முதியவர்களை அழைத்துப்போக ஒரு பேருந்து பிடிக்கச் சங்கத்துக்கு மனம் வரவில்லையே என்ற வருத்தமும் உண்டு.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அறிவிப்பில் இவ்வளவு போதும்: மருத்துவரைக் கேட்காமல் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள், நிறுத்தியவர்கள் இந்த வாரமே கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். தவறவிட்ட நாட்களுக்காக இரட்டிப்பாக விட வேண்டாம். திறந்து 4 வாரம் தாண்டிய குப்பியைப் பயன்படுத்த வேண்டாம். மருந்து விட்டதும் கண்ணின் உள்மூலையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்; வேறு சொட்டு மருந்தும் இருந்தால் 5 நிமிடம் கழித்து விடுங்கள். ஊசிக்குப் பணம் கேட்பவரிடம் கண்ணைக் கொடுக்காதீர்கள்.

இதை அடுத்த கூட்டத்தில் உங்கள் வாயாலேயே, அதே மேடையில் சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.