வெப்பம் குறைவாக இருந்தால் பிராசஸர் பத்திரமாக இருக்கிறது என்று பொருளல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசைக் கணினியின் பிராசஸரைச் சற்றே வேகப்படுத்திக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். தெர்மல் பேஸ்ட் தடவுவதைப் பற்றிய பத்தி பயனுள்ளது. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்துவிடாதீர்கள் என்று நினைவூட்டியிருந்ததற்காகவே கட்டுரையாளரைப் பாராட்டலாம். ஆனால், வோல்டேஜை 1.4 வோல்ட் என்று நிலையாக வைத்து, வெப்பம் 75 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் எந்த பிராசஸரும் பாதுகாப்பாக இருக்கும் என்ற பொருளில் அமைந்த வரியும், அதையொட்டிய அட்டவணையும் திருத்தப்பட வேண்டியவை. கணினி பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால், இதைப் பின்பற்றியவர்களின் கணினிகள் என்ன நிலையில் என் மேசைக்கு வந்து சேரும் என்பதை நான் அறிவேன்.

அண்மையில் வந்த ஒரு கணினியைச் சொல்கிறேன். அதன் உரிமையாளர் விவரம் தெரிந்தவர். பெரிய வாட்டர் கூலர் பொருத்தியிருந்தார். எவ்வளவு வேலை கொடுத்தாலும் வெப்பம் 72 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. இருந்தும், பெரிய ஜிப் கோப்பு ஒன்றைப் பிரித்தால் பாதியில் பிழை வரும். மறுபடி பிரித்தால் வேறோர் இடத்தில் வரும். ரேமை மாற்றினார், எஸ்எஸ்டியை மாற்றினார், விண்டோஸை இரண்டு முறை புதிதாக நிறுவினார். நான் செய்தது ஒன்றுதான். வோல்டேஜ், வெப்பம் முதலியவற்றைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை ஓடவிட்டு, கணினியைச் சும்மா விட்டுவிட்டு, வோல்டேஜ் வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரௌசரைத் திறந்த நொடியில் அது 1.52 வோல்ட்டைத் தொட்டது. அப்போது வெப்பம் வெறும் 41 டிகிரி. மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய்ப் பார்த்தால், யாரோ சொன்னார்கள் என்று ஆஃப்செட்டில் (பிராசஸர் தானாகக் கேட்கும் வோல்டேஜோடு கூட்டவோ குறைக்கவோ செய்யும் அமைப்பு) 0.1 வோல்ட்டைக் கூட்டி வைத்திருந்தார். அதை எடுத்த பிறகும் பிழை போகவில்லை. வேகத்தை 200 மெகாஹெர்ட்ஸ் குறைத்த பிறகுதான் நின்றது. வாங்கிய புதிதில் சிரமமின்றி ஓடிய வேகத்தில் ஒரு பிராசஸரால் இப்போது ஓட முடியவில்லை என்றால், உள்ளே சிலிக்கான் தேய்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அதற்கு எந்த அமைப்பிலும் மருந்து கிடையாது.

இதன் காரணம் எளியது. எல்லாக் கோர்களுக்கும் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) சேர்த்து வேலை கொடுக்கும்போது பிராசஸர் தன் வேகத்தையும் வோல்டேஜையும் சற்று இறக்கிக்கொள்கிறது, வெப்பம் ஏறுகிறது. ஒன்றிரண்டு கோர்களுக்கு மட்டும் சிறு வேலை வரும்போது அவற்றை உச்ச வேகத்துக்குக் கொண்டுபோகிறது. உச்ச வேகத்துக்கு உச்ச வோல்டேஜ் தேவை. ஆகவே, வோல்டேஜ் மிக அதிகமாக இருக்கும் நேரமும் வெப்பமானி மிகக் குறைவாகக் காட்டும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. டிரான்சிஸ்டரின் மெல்லிய காப்புப் படலம் தேய்வதை வெப்பம் விரைவுபடுத்துகிறது என்பது உண்மை. ஆனால் வோல்டேஜ் அளவு மீறும்போது, கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தத் தேய்மானத்தை அதனால் தடுத்துவிட முடியாது.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டுமல்ல. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினி பிராசஸர்கள் நிலையின்றி முடங்கிய விவகாரத்தில், பிராசஸர் தேவைக்கு மேற்பட்ட வோல்டேஜைக் கேட்டு வாங்கியதே காரணம் என்று அந்நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்கவிடாமல் தடுக்கும் மைக்ரோகோடை, அதாவது பிராசஸரின் உள்கட்டளைத் தொகுப்பை, பயாஸ் புதுப்பிப்பு வழியாக வெளியிட்டது. உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பிராசஸரை அந்தப் புதுப்பிப்பு மீட்டுத் தராது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு ஏஎம்டியின் ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸர்கள் சில, அடிப்பக்கம் உப்பி, சாக்கெட்டோடு கருகின. ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ அமைப்பை இயக்கியதும் சில மதர்போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (கோர்களுக்கு வெளியே, ரேமைக் கையாளும் பகுதி போன்றவற்றுக்குப் போவது) தாமாகவே ஏற்றிவிட்டன. பின்னர் ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என வரம்பு விதித்தது. இந்த இரண்டு நிகழ்வுகளிலும் பலர் எந்த எண்ணையும் கையால் மாற்றவில்லை. ஆட்டோ என்று விட்டால் பத்திரம் என்ற எண்ணம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

அட்டவணையின் பிழைக்கு வருகிறேன். ஒரே மாடலைச் சேர்ந்த இரண்டு பிராசஸர்களுக்குக்கூட ஒரே வோல்டேஜ் பொருந்தாது. எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்ட் என்ற கணக்கு, தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியாகச் சோதிக்கப்பட்டு அதனுள் பதிக்கப்படுகிறது. 1.2 வோல்ட்டில் முழு வேலையையும் செய்து முடிக்கும் சில்லுக்கு 1.4 கொடுப்பதால் அது கூடுதலாக எதையும் செய்துவிடப் போவதில்லை. சூடாகும், தேயும், அவ்வளவே. மின்திறன் வோல்டேஜின் வர்க்கத்துக்கும், வேகத்துக்கும் ஏற்பக் கூடுகிறது. 5 சதவீத வேகத்துக்காக 10 சதவீத வோல்டேஜை ஏற்றினால், மின்திறன் ஏறக்குறைய 27 சதவீதம் கூடும். 5 சதவீத வேகம் என்பது பத்து நிமிட வேலையில் அரை நிமிடத்துக்கும் குறைவு. அந்த அரை நிமிடத்துக்காகவா இவ்வளவும் என்று என்னிடம் வருபவர்களைக் கேட்பதுண்டு. சிலர் சிரித்துவிட்டு, ஆமாம் என்பார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, தெரிந்து செய்கிறார்கள்.

தெரியாமல் செய்பவர்களுக்கு நான் சொல்லும் முறை வேறு. முதலில் பயாஸைப் புதுப்பித்து, எதையும் மாற்றாமல் ஒரு நாள் ஓடவிட்டு, முழு வேலையிலும் ஓய்விலும் வோல்டேஜ், வெப்பம், வாட் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வோல்டேஜை ஏற்றுவதற்குப் பதிலாக இறக்கிப் பார்க்க வேண்டும். ஆஃப்செட்டில் 0.025 வோல்ட் வீதம் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சோதித்துக்கொண்டே போனால், பெரும்பாலான சில்லுகள் ஓரிரு படிகள் தாங்கும். இன்றைய பிராசஸர்கள் வெப்பத்துக்கும் வாட்டுக்கும் இடம் கிடைத்தால் தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்பவை என்பதால், வோல்டேஜை இறக்குவதே பல நேரங்களில் மிதமான ஓவர்கிளாக்கிங்காக, அதாவது வேகத்தைக் கூட்டுவதாக, அமைந்துவிடுகிறது. ஏஎம்டியின் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பு செய்வதும் இதைத்தான். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். ரேமையும் பிராசஸரையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, எது ஹேங் ஆக்கியது என்று தேடினால் அகப்படாது.

இங்கே ஒரு வலை உண்டு. பிரைம்95 போன்ற கடுஞ்சோதனையை இரவு முழுவதும் தாண்டிய கணினி, மறுநாள் காலையில் யாரும் தொடாமல் இருக்கும்போது தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். வோல்டேஜை அளவுக்கு மீறி இறக்கியவர்கள் அடிக்கடி காண்பது இது. கடுஞ்சோதனையில் வேகம் குறைந்துவிடுவதால், உச்ச வேகத்தில் இருக்கும் குறை அதில் வெளிப்படுவதில்லை. எனவே, சோதனை முடிந்த பிறகும் சில நாள்கள் வழக்கமான வேலைகளைச் செய்து, விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் வீயா-லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் வன்பொருள் பிழைகள் பதிவாகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

வேலை கூடும்போது வோல்டேஜ் தாழ்வதைத் தடுக்கும் லோடுலைன் கேலிப்ரேஷன் என்ற அமைப்பைக் கடைசி நிலைக்குத் தள்ளுமாறு கட்டுரை கூறியிருப்பதையும் ஏற்க இயலவில்லை. வேலை கூடும்போது வோல்டேஜ் சற்றுத் தாழ்வது பழுதல்ல. அப்படித் தாழும்படியே வடிவமைத்திருக்கிறார்கள். அதை முற்றிலும் தடுத்தால், வேலை திடீரென நிற்கும் கணத்தில் வோல்டேஜ் துள்ளி மேலேறும். அந்தத் துள்ளல் மைக்ரோநொடிக் கணக்கில் முடிந்துவிடும். நொடிக்கு ஒரு முறை அளவெடுக்கும் மென்பொருளின் கண்ணில் அது படாது. நடு நிலையே போதும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, 75 டிகிரி என்ற பொது எல்லையும் சரியல்ல. ரைசன் 7000 வரிசையில் பல பிராசஸர்கள் முழு வேலையில் 95 டிகிரி வரை செல்லும்படி வடிவமைக்கப்பட்டவை. இன்டெலின் பல மாடல்களுக்கு எல்லை 100. மேலே சொன்ன 7800எக்ஸ்3டிக்கு 89. எல்லையைத் தொட்டால் அவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தன் மாடலின் எல்லையைத் தயாரிப்பாளரின் பக்கத்தில் பார்த்துக்கொண்டு, அதிலிருந்து பத்துப் பதினைந்து டிகிரி கீழே நின்றால் வெயில் காலத்துக்கும் இடம் இருக்கும். நிர்ணயித்த அளவுக்கு மேல் ஓவர்கிளாக் செய்தால் உத்தரவாதம் போய்விடலாம் என்பதையும் கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அந்த அட்டவணையை வெட்டி வைத்துக்கொண்டு ஏற்கெனவே 1.4 போட்டுவிட்ட வாசகர்களும் இருக்கக்கூடும். அவர்கள் பயாஸில் பழைய இயல்பு அமைப்பை மீட்டு, பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளும்படி அடுத்த வாரக் கணினிப் பக்கத்தில், அட்டவணை வந்த அதே இடத்தில், ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்