எழும்பூரில் எங்கள் பிள்ளைகளின் ஓவியங்களுக்கு ஒரு கூடம் தாருங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், அரசு அருங்காட்சியகங்கள் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். சென்னைப் பள்ளிகளில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் ஓவியங்களை, ஆண்டுக்கொரு முறை, எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் மூன்று வாரமாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல். போட்டியாக வேண்டாம், கண்காட்சியாக வேண்டும்.

போட்டிகளுக்கு இந்த ஊரில் குறைவே இல்லை. மழைநீர் சேகரிப்பு, போதை ஒழிப்பு, வாக்களிப்பது கடமை என்று தலைப்பு மேலிருந்து வரும். இரண்டு மணி நேரம் கொடுப்பார்கள். இரண்டு கைகள் பூமி உருண்டையைத் தாங்குகிற படத்தைப் பாதிப் பிள்ளைகள் வரைந்து வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நடுவர்களுக்கு எது பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பரிசு வாங்கிய படம்கூட வரைந்த கைக்குத் திரும்பி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பள்ளிக்கல்வித் துறை 2022இல் தொடங்கிய கலைத் திருவிழா இவற்றைவிட எவ்வளவோ மேல். அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கலையரசன், கலையரசி என்று பெயர் சொல்லி மேடையேற்றியதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் மேடை, ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் உரிய இடம். ஓவியத்துக்கு வேண்டியது சுவரும் வெளிச்சமும், வந்தவர் நின்று பார்க்கக் கொஞ்சம் அவகாசமும்.

தலைப்பு கொடுக்காமல் விட்டால் இந்தப் பிள்ளைகள் என்ன வரைகிறார்கள் என்பதை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு பெண், வேலை செய்யாத லிப்டின் கதவை மட்டும் தாள் முழுக்க வரைந்திருந்தாள். அதன் முன்னால் இறக்கி வைத்த மூன்று குடங்கள், ஆள் யாரும் இல்லை. காசிமேட்டுப் பையன் ஒருவன் வலை பின்னும் தன் தாத்தாவை வரைந்தான். முகத்தைப் பென்சிலில் லேசாக விட்டுவிட்டு, விரல்களுக்கு மட்டும் அத்தனை உழைப்பு. அனல்மின் நிலையங்கள் இருக்கும் எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வானத்துக்கு நீலம் எடுப்பதே அபூர்வம். சாம்பலில் கொஞ்சம் மஞ்சளைக் கலக்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, அவர்கள் பார்க்கிற வானம் அது. இந்த நகரத்தைப் பற்றி நாம் எழுதும் அறிக்கைகள் எதிலும் கிடைக்காத செய்தி இந்தத் தாள்களில் இருக்கிறது. இவை இப்போது பரணிலும் பள்ளி அலமாரியிலும் கரையான் அரிக்கக் கிடக்கின்றன.

குறிப்பாக உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குத்தான் கலைக்குப் பகுதிநேர ஆசிரியரைக் கேட்கிறது. அதையொட்டித்தான் 2012இல் தமிழகத்தில் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் வந்தார்கள், அதுவும் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய்க்கு. ஒன்பதாம் வகுப்பில் காலெடுத்து வைத்ததும் பொதுத்தேர்வுப் பேச்சு வந்துவிடுகிறது. ஓவியப் பாடவேளையைக் கணக்குக்குக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். கையும் கண்ணும் ஒன்றுசேரத் தொடங்குகிற வயதில் தூரிகை கீழே வைக்கப்படுகிறது. கண்காட்சி வரப்போகிறது என்று தெரிந்தால் அந்தப் பாடவேளையைத் தலைமையாசிரியர் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

எழும்பூரைக் கேட்பது ஆடம்பரத்துக்காக அல்ல. 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. சோழர் வெண்கலங்களும் அமராவதிச் சிற்பங்களும் ரவி வர்மாவின் ஓவியங்களும் இருக்கும் வளாகம். அதிக தூரமில்லாமல், பெரியார் ஈ.வெ.ரா. சாலையில், 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்த பள்ளி இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக நிற்கிறது. பிளஸ் டூ முடித்து அங்கே சேரலாம் என்பதே தெரியாத பெற்றோர் இந்த நகரத்தில் ஏராளம். பிள்ளையின் படத்தைப் பார்க்க வந்த இடத்தில் அந்தக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து விவரம் சொன்னால் போதும்.

கண்ணகி நகர் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் 2020இல் தீட்டப்பட்ட சுவரோவியங்களை நான் மகிழ்ச்சியோடுதான் பார்க்கிறேன். அவற்றை வரைந்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த தேர்ந்த ஓவியர்கள். அந்தச் சுவர்களுக்குள் வளரும் பிள்ளைகள் வரைந்ததற்கும் ஒரு சுவர் கிடைக்க வேண்டாமா? நியூயார்க்கில் அரசுப் பள்ளி மாணவர்களின் படங்களை மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலேயே ஆண்டுதோறும் மாட்டுகிறார்கள். நம்மால் முடியாததல்ல.

மாட்டும் விதத்திலும் மரியாதை வேண்டும். ஷாமியானா துணியில் குண்டூசி குத்தித் தொங்கவிட்டால் சென்னைப் புழுக்கத்தில் தாள் இரண்டே நாளில் சுருண்டுவிடும். மவுண்ட் போர்டு என்ற கெட்டி அட்டையில் ஒட்டி, சாதாரண மரச் சட்டமிட்டு, நிற்பவரின் கண்மட்டத்தில் மாட்ட வேண்டும். சட்டங்களை அடுத்த ஆண்டும் பயன்படுத்தலாம். படத்தின் கீழே பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி, படத்தைப் பற்றி அவர்களே எழுதிய இரண்டு வரி. முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்ற ரிப்பன்கள் வேண்டவே வேண்டாம். முடிந்ததும் ஒவ்வொரு படமும் வரைந்தவரிடமே போய்ச் சேர வேண்டும். காலண்டரிலோ விளம்பரத்திலோ அச்சிடுவதானால் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வரைந்தவர் சிறுவரானாலும் பதிப்புரிமை அவருடையதுதான்.

இன்னொன்று, இதுதான் எனக்கு மிக முக்கியம். அருங்காட்சியகம் ஐந்து மணிக்கு மூடிவிடுகிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. வீட்டுவேலைக்குப் போகும் அம்மாவும் மீன் விற்கும் அம்மாவும் ஆட்டோ ஓட்டும் அப்பாவும் அந்த நேரத்துக்குள் எப்படி வருவார்கள்? அந்த மூன்று வாரத்தில் சனி, ஞாயிறு மட்டுமாவது கூடத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள். படம் இடம்பெற்ற பிள்ளையின் குடும்பத்துக்கு நுழைவுக் கட்டணம் வாங்காதீர்கள்.

ஆகஸ்ட் 22 சென்னை நாள் கொண்டாட்டத்தோடு இதைத் தொடங்கலாம். ஜூனில் பள்ளி திறந்ததும் சுற்றறிக்கை போனால், படம் சேர்க்க ஜூலை முழுதும் இருக்கிறது. தேர்வு செய்யவும் சட்டமிடவும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்கள் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம். கூடமும் தேதியும் மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
வடசென்னை