நிலுவையிலுள்ள வழக்குகளும் நமது கைத்தொலைபேசிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்குகளைப் பற்றிச் சமூக ஊடகங்களில் எழுதலாமா என்ற கேள்வி, ஒவ்வொரு பெரிய கைதுக்குப் பிறகும் எழுந்து சில நாட்களில் அடங்கிவிடுகிறது. எழுதுபவரின் பேச்சுரிமையைப் பற்றியும் நீதிபதியின் மாண்பைப் பற்றியும் பலர் பேசுகிறார்கள். சாட்சிக்கூண்டில் ஏறி நிற்கவேண்டிய மனிதரைப் பற்றிப் பேசுபவர் குறைவு. வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களில் நீண்ட காலம் உரைபெயர்ப்பாளராகக் கடமையாற்றி, அந்தக் கூண்டுக்கு அருகிலேயே நின்று பழகியவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். இப்போது விசாரணையிலிருக்கும் எந்த வழக்கையும் இதில் நான் குறிப்பிடவில்லை.

வீட்டில் தனியாக இருந்த ஒரு முதிய பெண்ணைக் கட்டிப்போட்டு நகைகளைக் கொள்ளையடித்த வழக்கொன்று என் நினைவை விட்டு அகல்வதில்லை. சந்தேகநபர் பிடிபட்ட அன்றே அவருடைய படம் ஊர் முழுவதும் கைத்தொலைபேசிகளில் பரவிவிட்டது. சில நாட்களின் பின் நீதவான் முன்னிலையில் நடந்த அடையாள அணிவகுப்பில், ஒத்த தோற்றமுடைய பலர் வரிசையாக நிற்க, அந்த அம்மா தயங்காமல் நடந்து சென்று அவருடைய தோளைத் தொட்டார். வழக்கு விளக்கத்தின்போது எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், சட்டத்தரணி ஒரேயொரு கேள்வியைத்தான் நிதானமாகக் கேட்டார்: அணிவகுப்புக்கு முன்னர் இவருடைய படத்தை எங்கேயாவது பார்த்தீர்களா? பொய் சொல்லத் தெரியாத அந்த அம்மா, "ஓம் ஐயா, பேரன் போனில காட்டினவன்" என்றார். அந்த ஐந்து சொற்களையும் சிங்களத்தில் எடுத்துச் சொன்னவன் நான்தான். அதற்குப் பிறகு அந்த அடையாள அணிவகுப்பு வழக்குக்கு எந்த வகையிலும் உதவவில்லை. அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் அத்தனை பேரும் அந்த அம்மாவுக்கு நீதி கிடைக்கவேண்டும் என்று மனதார விரும்பியவர்களே.

சிறைச்சாலை வண்டியிலிருந்து இறக்கப்படும் சந்தேகநபரின் முகம் சட்டையாலோ துவாயாலோ மூடப்பட்டிருப்பதைத் திருகோணமலை நீதிமன்ற வாயிலில் பலரும் கண்டிருப்பார்கள். வெட்கத்தில் மறைக்கிறார் என்று எண்ணி, "முகத்தைக் காட்டடா" என்று ஒருவர் சத்தமிட, இன்னும் நான்கு பேர் கைத்தொலைபேசியை உயர்த்துவதையும் நான் பார்த்திருக்கிறேன். அடையாள அணிவகுப்பு முடியும்வரை முகம் மூடப்பட்டிருப்பது முறைப்பாட்டாளரின் நன்மைக்காகவுந்தான் என்பதை அந்த இடத்தில் யாராவது எடுத்துச் சொன்னால், உயர்ந்த கைகளில் சிலவாவது தாழும் என்று நம்புகிறேன்.

சமூக ஊடகப் பதிவுகள் நீதிபதியின் மனதைக் கலைத்துவிடும் என்று சொல்லப்படுவது எனக்கு அவ்வளவு பெரிய கவலையாகத் தோன்றவில்லை. நமது மேல் நீதிமன்றங்களில் பெரும்பாலான வழக்குகள் ஜூரிகள் இல்லாமல் நீதிபதியாலேயே விசாரிக்கப்படுகின்றன. முன்வைக்கப்பட்ட சாட்சியத்தை மாத்திரம் பார்ப்பது அவர்களுக்குத் தொழிற்பயிற்சி. சாட்சிகளுக்கு அந்தப் பயிற்சி இல்லை. தாம் கண்டது எது, முகநூலில் வாசித்தது எது என்பது ஆறு ஆண்டுகள் கழித்துக் கூண்டில் ஏறும் ஒரு சாட்சிக்கு உண்மையிலேயே குழம்பிப்போகும். அச்சம் இன்னொரு பக்கம். ஒரு பதிவின் கீழே "பார்த்தவர் யார் என்று எங்களுக்குத் தெரியும்" என்று எவரோ எழுதிவிட்டால், அடுத்த தவணைக்கு அந்தச் சாட்சி வரமாட்டார்.

பொலிஸாரிடம் சந்தேகநபர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்ற செய்தி வந்தவுடன் வழக்கு முடிந்துவிட்டதாகவே பலர் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். சாதாரண குற்ற வழக்குகளில் பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்கமுடியாது என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. ஏன் அப்படியொரு சட்டம் தேவைப்பட்டது என்பதை 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவயில் ஐந்து வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கு நாடு முழுவதற்கும் காட்டியது. முதலில் பிடிக்கப்பட்டவர்களில் ஒருவர் 17 வயது மாணவன். மரபணுப் பரிசோதனை அவனுக்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டியது. அடுத்துப் பிடிக்கப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. பொருந்தியது அவருடைய சகோதரரின் மரபணு. 2016இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது அந்தச் சகோதரருக்கே. அந்த மாணவனைக் கொலைகாரன் என்று எழுதியவர்களில் எத்தனை பேர் பின்னர் அவன் நிரபராதி என்றும் எழுதினார்கள்?

நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. 2015 மே மாதம் புங்குடுதீவு மாணவியின் படுகொலைக்குப் பின்னர் யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத் தொகுதி கல்லெறிக்கு உள்ளாகியது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. நானும் அதே கோபத்தோடுதான் இருந்தேன். வவுனியா, யாழ்ப்பாணம், திருகோணமலை மேல் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் அமர்ந்த ட்ரயல் அட் பார் மன்று 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி தீர்ப்பளித்தபோது, ஒன்பது எதிரிகளில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. இருவரை விடுதலை செய்தது. அந்த இருவரையும் ஏனைய ஏழு பேரையும் கூட்டம் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. வேறுபடுத்த இரண்டு ஆண்டுகளும் ஒரு முழு விசாரணையும் தேவைப்பட்டன.

பழியைக் கைத்தொலைபேசியின் மீது மாத்திரம் போடுவதும் நியாயமாகாது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னர் குருநாகல் முஸ்லிம் வைத்தியர் ஷாபி சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டு, ஒரு நாளிதழின் முதற்பக்கத்தில் வந்த பிறகே காட்டுத்தீயாகப் பரவியது. கைதாகி, பிணையில் வந்து, சேவைக்கு வெளியே நிறுத்திவைக்கப்பட்டிருந்த அவர், நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த 26 இலட்சம் ரூபாவுக்கும் அதிகமான தொகையை 2022இல் மருந்து வாங்குவதற்கென்று சுகாதார அமைச்சிடமே கொடுத்தார். மூன்று இனத்தவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் நமது ஊரில், இவ்வாறான ஒரு தலைப்பு எவ்வளவு விரைவாகத் தீப்பிடிக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஆயினும் வாய்மூடி இருங்கள் என்று சொல்ல என்னால் முடியாது. திருகோணமலையில் வாழும் எவராலும் அப்படிச் சொல்லமுடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை நமது கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் குண்டு வெடித்து இறந்ததாகவே முதலில் சொல்லப்பட்டது. ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் வெளிவந்த பின்னரே அவர்கள் சுடப்பட்டமை உலகுக்குத் தெரிந்தது. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். விசேட அதிரடிப்படையினர் 13 பேர் 2013இல்தான் கைதானார்கள். 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. சாட்சிகள் அஞ்சி நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். வழக்கு எத்தனை ஆண்டுகளாக இழுபடுகிறது, சட்டமா அதிபர் திணைக்களம் என்ன செய்கிறது, சாட்சிகளுக்கு என்ன பாதுகாப்பு என்று அந்தப் பெற்றோர் உரத்துக் கேட்டிராவிட்டால், அவ்வளவுகூட நடந்திருக்காது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். வழக்கின் போக்கைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள். வழக்குகள் பகிரங்கமாக விசாரிக்கப்படவேண்டும் என்பது அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை; திறந்த மன்றில் பிறப்பித்த கட்டளை, போடப்பட்ட தவணை, பிணை மறுக்கப்பட்டமை ஆகியவற்றைச் சரியாக எடுத்துச் சொல்வதில் தவறேதும் இல்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்படலாம் என்பதையும், அதை மட்டும் வைத்து எத்தனை இளைஞர்கள் எத்தனை ஆண்டுகள் அடைக்கப்பட்டிருந்தார்கள் என்பதையும் இன்னும் அதிகமாகவே எழுதவேண்டும். ஆனால் இன்னார்தான் செய்தார் என்று எழுதாதீர்கள். அதே அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை, குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரையும் சுற்றவாளி, அதாவது நிரபராதி, என்றே கருதச் சொல்கிறது. சாட்சி யார், அவர் பொலிஸில் என்ன சொன்னார் என்று எழுதாதீர்கள். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். பெயரை விட்டுவிட்டு வீதியையும் தகப்பனின் தொழிலையும் எழுதினாலே நம்மைப் போன்ற சிறிய ஊரில் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும்.

தங்கள் பத்திரிகையிடமும் மூன்று வேண்டுகோள்கள் உண்டு. அடையாள அணிவகுப்பு முடியும்வரை சந்தேகநபரின் முகம் தெரியும் படத்தை உங்கள் முகநூல் பக்கத்தில் இடாதீர்கள். நிலுவையிலுள்ள வழக்குச் செய்திகளின் கீழ்ப் பின்னூட்டங்களை மூடிவிடுங்கள். கைதை முதற்பக்கத்தில் போட்டிருந்தால், அந்த நபர் விடுதலையாகும் நாளில் அதையும் முதற்பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்,
உவர்மலை, திருகோணமலை.