ஐந்து நாளில் முடிவதற்குப் பெயர் சீசனா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்து முடிவுகள் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இரண்டு வரியில் வருகின்றன. உங்கள் மேல் குறை சொல்லவில்லை. பெங்களூரில் ஒரு கல்லூரி அணியின் சீசன் பெரும்பாலும் ஒரே ஒரு நாக்-அவுட் போட்டிதான். இரண்டு வரிக்கு மேல் எழுத அதில் என்ன இருக்கிறது?

16 அணிகள் வந்தால் நாக்-அவுட்டில் மொத்தம் 15 ஆட்டம். எட்டு அணிகள் முதல் ஆட்டத்தோடு மூட்டை கட்டிவிடும். ஜூன் மாதத்திலிருந்து காலை ஆறு மணிக்கு எழுந்து ஓடிய பையனுக்கு அந்த வருடத்துக் கால்பந்து ஒரே காலையில் தீர்ந்துவிடுகிறது. நேரமில்லை என்று பாதிக்கு 35 நிமிடமாக வெட்டுகிற இடங்களில் வெறும் 70 நிமிடம். ஜெயித்துக்கொண்டே போகிறவர்கள் பாடு அதைவிட மோசம்: ஐந்து நாளில் நான்கு ஆட்டம். ஒரு முழு ஆட்டத்துக்குப் பின் தொடைத் தசைகள் பழைய நிலைக்கு வர 48 முதல் 72 மணி நேரம் பிடிக்கும். அரையிறுதியில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பையனைப் பார்த்து "ஸ்டாமினா இல்லை" என்று கத்தும் மாஸ்டர்கள் முதலில் அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

அதே 16 அணிகளை நான்கு நான்காகப் பிரித்து, பிரிவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆடும் லீக் வையுங்கள். பிரிவுக்கு முதல் இரண்டு அணிகள் கால் இறுதிக்குப் போகட்டும். பிரிவு ஆட்டங்கள் 24, கால் இறுதியிலிருந்து 7, ஆக 31. ஒரே மைதானத்தில் சனிக்கிழமை இரண்டு, ஞாயிறு இரண்டு ஆட்டம் என்றால் ஆறு வாரத்தில் லீக் முடியும். ஏழாவது வாரம் கால் இறுதி, எட்டில் அரையிறுதி, ஒன்பதில் இறுதி. எந்த அணிக்கும் மூன்று ஆட்டம் நிச்சயம். ஒன்றில் தோற்றாலும் தவறைத் திருத்த இரண்டு வாரம் கிடைக்கும். ஒரு சிக்கல் உண்டு. ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் ஆடுகிற இரண்டு அணிகளும் "டிரா போதும்" என்று கணக்குப் போட்டு நடுமைதானத்திலேயே பந்தை உருட்டும். கடைசிச் சுற்று நடக்கும் இரண்டு வாரத்துக்கு மட்டும் இன்னொரு மைதானம் பிடித்தே ஆக வேண்டும்.

ஜூலை கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் கடைசிக்குள் முடித்துவிடலாம். பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுப்பவர்களும் ஒவ்வொரு வீரரையும் மூன்று முறையாவது பார்த்திருப்பார்கள். செப்டம்பரில் மழை கொட்டுமே என்பார்கள். இங்கே இடிமழை பெரும்பாலும் மாலையில்தான். காலை 7 மணிக்கும் 9.15-க்கும் ஆட்டம் வைத்தால் ராத்திரியில் தண்ணீர் வடிந்திருக்கும். மாலையில் ஆடித்தான் தீர வேண்டுமென்றால், மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் நிறுத்திவிட்டு, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே இறங்க வேண்டும்.

அட்டவணையைச் சரிசெய்தாலும் பயிற்சி நடக்கிற இடம் காலை வாருகிறது. முழு மைதானம் கிடைக்காமல் பல அணிகள் மொட்டை மாடி டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், ஐவர் ஆட்டம் ஆடியே தயாராகின்றன. 40-க்கு 20 மீட்டர் டர்ஃபில் பத்துப் பேர் என்றால் ஆளுக்கு 80 சதுர மீட்டர். 105-க்கு 68 மைதானத்தில் 22 பேர் என்றால் ஆளுக்குச் சுமார் 325. நான்கு மடங்கு! அங்கே பழகிய கால் குட்டைப் பாஸுக்குத்தான் சரி. நீளமான பந்து, தலையால் முட்டுவது, ஓரத்திலிருந்து வரும் கிராஸுக்கு கோல்கீப்பர் வெளியே வருவது, எதிரணியை ஆஃப்சைடில் மாட்டத் தற்காப்பு வரிசை ஒன்றாக ஏறுவது எதுவும் வராது. தாக்குவதற்கு மேலே ஏறிய விங் பேக் (ஓரத் தற்காப்பு வீரர்), பந்து பறிபோனதும் 60 மீட்டர் திரும்பி ஓட வேண்டும். இரண்டாம் பாதியில் கோல் விழுவது அந்த இடைவெளியில்தான். வாரம் மூன்று பயிற்சியில் ஒன்றாவது முழு மைதானத்தில் வேண்டும். அதற்கும் வழியில்லையா? தற்காப்பு வீரர் நால்வரின் இடுப்பையும் எட்டு மீட்டர் கயிறுகளால் இணைத்து, பந்து போகும் பக்கமெல்லாம் நடக்கவாவது விடுங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் வரிசை உடையாது.

ஷூ விஷயத்தில் அலட்சியம் அதிகம். புல்தரைக்கான நீள ஸ்டட் (அடிக்குமிழ்) உள்ள ஷூவைப் போட்டுக்கொண்டு செயற்கைத் தரையில் திரும்பினால் பாதம் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், முழங்கால் தசைநார் அறுந்துபோகலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் திரும்ப ஆடக் குறைந்தது ஒன்பது மாதம். படிப்பில் ஒரு வருடம் அப்படியே போகும். டர்ஃபுக்கும் காய்ந்த செம்மண் தரைக்கும் குட்டையான, நிறைய ஸ்டட் உள்ளதே சரி. ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்க முடியாத பிள்ளைகள்தான் அதிகம், ஆகவே பொதுவான அளவுகளில் சில ஜோடிகளைக் கல்லூரியே வைத்திருப்பது நல்லது. ஃபிஃபா 11+ வார்ம்-அப்பில் 15 பயிற்சிகள், 20 நிமிடம், காசு செலவில்லை. வாரம் இரண்டு முறையாவது செய்தால் காயம் கணிசமாகக் குறையும். மைதானத்தை நான்கு சுற்று ஓடுவது அதற்கு ஈடாகாது.

மைதானத்தில் கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம், ஈரத்தில் தோலையும் கண்ணையும் சுட்டுவிடும். சாக் பவுடர் போதும். பந்தில் ஊசியை நனைக்காமல் குத்தினால் வால்வு போய்விடும்.

இந்த ஊருக்குக் கால்பந்து புதிதல்ல. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். 1968-69-க்குப் பின் மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராஃபியைக் கர்நாடகா மறுபடி கையில் வாங்க 2023 வரை காத்திருந்தது. அல்சூர் கௌதமபுரத்துச் சந்துகளில் இன்றும் பந்து ஓயவில்லை.

லீக் வந்தால் ஒன்பது வாரமும் திங்கட்கிழமை புள்ளிப் பட்டியலையோ முடிவுகளையோ போட உங்கள் பக்கத்தில் நான்கு அங்குல இடம் தருவீர்களா?

இப்படிக்கு,
கல்லூரி அணிகளுக்குப் பயிற்சி தருவோர் சிலர்,
அல்சூர், பெங்களூரு