சம்பா கோயில் கையேட்டுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள பங்கு மக்களுக்கும் புதுச்சேரி நண்பர்களுக்கும் வணக்கம்.

மிஷன் வீதியில் இருக்கும் சம்பா கோயிலை, அதாவது நம் அமலோற்பவ மாதா பேராலயத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு, நம் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளே தமிழில் கோயிலின் வரலாற்றைச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கான சின்னக் கையேடு இப்போது அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் என் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. பெயர் போட வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டதால், செய்த உதவியை மட்டுமாவது இங்கே எழுதி வைக்கிறேன்.

கொத்தனார் ஐயாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பாடா, எவ்வளவு பெரிய கல் கோயில்!" என்பார்கள். உண்மையில் இது செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்து எழுப்பிய கோயில். கருங்கல் வேண்டுமென்றால் இங்கிருந்து செஞ்சிப் பக்கம்தான் போக வேண்டும். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் அங்கிருந்து வந்தவையே. நம் கடலோரத்தில் கிடைப்பது மணலும் களிமண்ணும் கிளிஞ்சலும். அதை வைத்தே கல் மாதிரி தெரியும் சுவரை எழுப்பியிருக்கிறார்கள்.

எப்படி என்று கொத்தனார் ஐயாதான் சொல்லிக் கொடுத்தார். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்துப் புளிக்க விடுவார்களாம். கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்களாம். அவர் வேலை பார்க்கும் ஒரு பழைய வீட்டில் உதிர்ந்த காரைத் துண்டு ஒன்றைப் பிள்ளைகளுக்காகக் கொண்டு வந்திருந்தார். அதை விரலால் நொறுக்கிக் காட்டியபோது, சரியாக வேகாத கிளிஞ்சல் ஓட்டின் துணுக்கு ஒன்று உள்ளே வெள்ளையாக மின்னியது. பிள்ளைகள் அதை ஆளுக்கு ஆள் வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள். கையேட்டில் எத்தனை பக்கம் எழுதினாலும் அந்தத் துணுக்குக்கு ஈடாகாது.

"சுண்ணாம்புச் சுவத்துக்கு சிமெண்ட் ஆகாது டீச்சர். ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே நின்னு உப்பாப் பூத்துடும்," என்றார். இந்த ஊரில் பழைய வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் சொன்னதைச் சொன்னபடியே அச்சிட்டிருக்கிறேன்.

அடுத்து, பணி ஓய்வு பெற்ற நம் பிரெஞ்சு ஆசிரியர். பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைப் பொறுமையாகப் படித்து எனக்குத் தமிழில் சொன்னார். பதினான்காம் லூயி மன்னர் கொடுத்த பணத்தில் இயேசு சபையினர் இந்த இடத்தில் முதல் கோயிலைக் கட்டியது 1692ஆம் ஆண்டில். மறுவருடமே ஊரை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், கோயில் போயிற்று. பிறகு எழும்பிய பெரிய கோயிலை, 1761இல் ஊரையே தரைமட்டமாக்கிய ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பியதும் பழைய அடித்தளத்தின் மேலேயே மறுபடி வேலை ஆரம்பித்திருக்கிறது. நடுவில் 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட, பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிக் குருக்கள் பொறுப்பேற்றுத் தொடர்ந்தார்கள். நாம் இன்று பார்க்கும் கோயில் 1791 ஜூன் 20 அன்று அர்ச்சிக்கப்பட்டு வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. இரண்டு வருடத்தில் ஆங்கிலேயர்கள் மறுபடி ஊரைப் பிடித்தும் இந்த முறை கோயில் தப்பியதை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது.

முகப்பைப் படிக்கவும் அவர்தான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். இரண்டிரண்டாக நிற்கும் தூண்களின் தலையைப் பார்க்கச் சொன்னார். கீழ்த்தட்டில் அலங்காரம் இல்லாமல் இருப்பது டோரிக். மேல்தட்டில் ஆட்டுக்கடாவின் கொம்பு போல் சுருண்டிருப்பது அயோனிக். இப்போது எங்கே தூணைக் கண்டாலும் பிள்ளைகள் தலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஈஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே பிரெஞ்சு ஆளுநரிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புத் தொகுதிகளைக் கடன் கொடுத்ததோடு, பக்கத்தில் உட்கார்ந்து படித்தும் காட்டினார்கள். பழைய வேதபுரீஸ்வரர் சிவன் கோயில் அந்தக் காலத்தில் நம் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே ஆட்சியில், 1748 செப்டம்பரில், அதை இடித்துவிட்டார்கள். பிள்ளை அதை மிகுந்த வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். இதையும் கையேட்டில் சேர்க்கலாமா என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். "நடந்ததை நடந்தபடி எழுதுங்கம்மா, பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும்," என்றார். சேர்த்துவிட்டேன்.

அதே நாட்குறிப்பில்தான் 1745ஆம் ஆண்டுச் செய்தி ஒன்றும் இருக்கிறது. அன்றைய கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் ஒடுக்கப்பட்டவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்திருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்கள் குருவிடம் போய், 'நாங்கள் மட்டும் உங்கள் பிள்ளைகள் இல்லையா' என்று நியாயம் கேட்க, சுவர் இடிக்கப்பட்டது. அது பிறகு எத்தனை மனஸ்தாபங்களைக் கிளப்பியது என்பதையும் பிள்ளை எழுதுகிறார். கட்டடக்கலை என்றால் தூணும் வளைவும் மட்டும் இல்லை. யார் எங்கே நிற்க வேண்டும் என்று போட்ட சுவரும் அதில் சேர்ந்ததுதான். இந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

கோயிலைத் திறந்து மூடிப் பராமரிக்கும் நம் கோயில்பிள்ளை அண்ணனுக்குத் தனி நன்றி. நடுவில் இருக்கும் குவிமாடத்தின் வட்டத் திறப்புகள் வழியாக எந்த நேரத்தில் வெளிச்சம் நன்றாக இறங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. நல்ல வெளிச்சம் வரும் நேரம் பார்த்துப் படமெடுக்கக் கூப்பிட்டவரும் அவரே. அவர் சொன்னபடி ஜன்னல்களைத் திறந்து வைத்தபோதுதான் மேல்வளைவின் வடிவமே படத்தில் விழுந்தது.

துய்மா வீதியில் இருக்கும் கப்ஸ் கோயிலை, அதாவது தூதர்களின் அன்னை ஆலயத்தைச் சேர்ந்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். லூயி கெர் வடிவமைத்து 1855இல் முடிந்த அந்தக் கோயிலின் உள்சுவர்ப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்திருப்பதால்தான் அந்த வழவழப்பு என்று காட்டினார்கள். மூன்றாம் நெப்போலியன் அனுப்பிய மாதாவின் விண்ணேற்பு ஓவியத்தையும் பிள்ளைகள் நிதானமாகப் பார்க்க நேரம் கொடுத்தார்கள்.

அனுமதி தந்த பங்குத்தந்தைக்கும், படமெடுத்த இளைஞர்களுக்கும், காகிதச் செலவை மட்டும் வாங்கிக்கொண்ட அச்சகத்தாருக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூடுதல் நேரம் விட்டுவைத்த பெற்றோருக்கும் என் நன்றி.

கையேடு ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் இலவசமாகக் கிடைக்கும். அடுத்த பதிப்பில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரு இருதய ஆண்டவர் கோயிலையும் சேர்க்கப்போகிறோம். அதன் கூர்வளைவுகளைப் பற்றியோ வண்ணக் கண்ணாடிகளைப் பற்றியோ வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால், பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பறைப் பக்கம் வந்து சொல்லுங்கள். எழுதிக்கொள்ளப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
மறைக்கல்வி ஆசிரியை,
புதுச்சேரி